கை படாத ஐஸ்

சிலுவைத்தெருவில் ஐஸ் உருகாமல் போன அந்தக் கோடையைப் பற்றிச் சொல்வதென்றால் முதலில் புட்டுக்குழலைப் பற்றிச் சொல்ல வேண்டும், புட்டுக்குழலைப் பற்றிச் சொல்வதென்றால் அதற்கும் முன்னால் கஸ்பார் மச்சாதுவின் பிடிவாதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அந்த மனிதர் மட்டும் கொஞ்சம் இறங்கி வந்திருந்தால் தூத்துக்குடியின் மற்றத் தெருக்களைப் போல அந்தத் தெருவும் வேர்த்து விறுவிறுத்துக் கோடையைக் கழித்திருக்கும், அவருடைய மருமகள் டெல்பினும் இரவில் நிம்மதியாகத் தூங்கியிருப்பாள்.

கஸ்பார் மச்சாது துறைமுகத்துப் பக்கம் ஒரு ஐஸ் பிளாண்ட்டில் மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மீன்பெட்டிக்குப் போகிற ஐஸைக்கூடக் கையால் தொட விடமாட்டார். கொக்கி போட்டு இழு, மண்வெட்டியால் அள்ளு, கையை வைத்தால் வீட்டுக்குப் போ என்பார். மகன் ஆல்வின் கப்பலுக்குப் போன பிறகு டெல்பின் வீட்டின் முன்னறையில் ஒரு நன்னாரி சர்பத் கடை போட்டாள். திறப்பு நாளில் பங்குச் சாமியார் தீர்த்தம் தெளித்து முடித்ததும் முதல் கிளாஸை மாமனாருக்குத்தான் நீட்டினாள். ஆனால் அவள் ஐஸ்பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி நொறுக்கு ஐஸை அள்ளிப் போட்டதை அவர் பார்த்துவிட்டார்.

"கை பட்ட ஐஸ நாங் குடிக்க மாட்டேன்" என்று சாமியார் முன்னாலேயே கிளாஸைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அதோடு சரி. அதே வீட்டின் பின்னறையில்தான் இருந்தார், அவள் கையால் பிசைந்த மாவில் சுட்ட ஆப்பம் இறங்கியது, அவள் கையால் மசாலா தடவிய சீலா மீன் இறங்கியது, ஐஸ் மட்டும் இறங்கவில்லை. சாயங்காலமானால் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு கடையைத் தாண்டித்தான் கடற்கரைக்கு நடப்பார். அந்த நாலு எட்டுக்கு மட்டும் முகத்தை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பிக்கொள்வார். ஊர் முழுக்கக் குடித்து ஏப்பம் விட்ட சர்பத்தை மாமனார் மட்டும் குடிக்காதது டெல்பினுக்குச் செருப்புக்குள் கிடக்கிற சிறு கல்லைப் போல உறுத்திக்கொண்டே இருந்தது. ரோஷக்காரிதான் அவளும். கை படாமல் ஐஸ் போட்டு, அதை இந்த மனிதரைக் குடிக்க வைக்காவிட்டால் என் பேர் டெல்பின் இல்லை என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

முதலில் சிரட்டை அகப்பையால் அள்ளிப் பார்த்தாள். பாதி ஐஸ் கிளாஸுக்குள் விழுந்தது, மீதி வாடிக்கையாளர் மடியில் விழுந்தது. அடுத்து மளிகைக்கடையில் சீனி அள்ளுகிற தகரக் கரண்டியை வாங்கி வந்தாள். அதில் ஐஸ் நன்றாக ஏறியது, ஆனால் இறங்க மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டது, கடைசியில் விரலால்தான் தள்ளிவிட வேண்டியிருந்தது. விரலை விட்டபின் கரண்டி எதற்கு? கண்ணாப்பையை வளைத்துப் பார்த்தாள், தண்ணீர் ஓட்டை வழியாக வடிந்து முழங்கை வரை வந்து ஜாக்கெட்டை நனைத்தது. அள்ளுவதில் இல்லை சூட்சுமம், விடுவதில்தான் இருக்கிறது என்று அவளுக்குப் புரியவே ஒரு கோடை ஆயிற்று.

ஒரு நாள் காலையில் மாமனாருக்குப் புட்டு எடுக்கும்போதுதான் அவளுக்குப் பொறி தட்டியது. குழலின் அடியில் கம்பியைக் கொடுத்துத் தள்ளினாள், ஓட்டைத் தட்டு மேலே ஏறியது, புட்டு அலுங்காமல் குலுங்காமல் தட்டில் வந்து உட்கார்ந்தது. டெல்பின் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "பயறு எங்கட்டி?" என்று மாமனார் இரண்டு தடவை கேட்டது அவள் காதில் விழவில்லை.

அன்றைக்கே பாத்திரப் பட்டறை இசக்கிராஜிடம் போய்த் தரையில் சாக்கட்டியால் வரைந்து காட்டினாள். அரைத் தேங்காய் அளவுக்கு ஒரு எவர்சில்வர் கிண்ணம், அதன் உள்ளே குழிக்கு ஏற்ற மாதிரி வளைந்த ஓட்டைத் தட்டு ஒன்று, தட்டுக்குப் பின்னால் ஸ்பிரிங், கைப்பிடியில் பெருவிரலுக்கு ஒரு பொத்தான். கைப்பிடி மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பெட்டிக்குள் விடும்போது விரல்முட்டி ஐஸில் படும். வாய் விளிம்பு கத்தி மாதிரி இருக்க வேண்டும், ஆனால் கிளாஸைக் கீறக் கூடாது.

"அக்கா, ஐஸ் அள்ளுறதுக்கு இவ்ளோ பாடா?" என்றான் இசக்கிராஜ்.

"எங்க மாமனாரப் பத்தி உனக்குத் தெரியாது."

"தெரியும்க்கா. அதான் கேக்கேன்."

ஸ்பிரிங் ஒன்று மெத்தென்று இருந்தது, இன்னொன்று ஐஸைச் சுவர் வரை எற்றிவிட்டது. கடைசியில் பழைய குடை ஒன்றைப் பிரித்து எடுத்த ஸ்பிரிங்தான் சரியாக வந்தது. பெட்டிக்குள் விட்டு அழுத்தி அள்ளி, விளிம்பை ஒரு தட்டுத் தட்டி, கிளாஸுக்கு மேலே பிடித்துப் பொத்தானை அமுக்கினால், டக்கென்று ஒரு சத்தம், வெள்ளைக் குவியல் ஒன்று சிந்தாமல் சிதறாமல் சர்பத்தில் இறங்கி மிதந்தது. தெரு அதற்குத் தள்ளுகரண்டி என்று பேர் வைத்தது. அந்த டக் சத்தம் பின்னறை வரை கேட்கும் என்று டெல்பினுக்குத் தெரியும். வேண்டுமென்றே கொஞ்சம் ஓங்கித்தான் அமுக்கினாள்.

ஒரு வாரம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, கத்திரி வெயில் மண்டையைப் பிளந்த ஒரு மத்தியானம், கஸ்பார் மச்சாது வெள்ளைச் சட்டையோடு வந்து கடை பெஞ்சில் உட்கார்ந்தார். முகத்தை எதிர்வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. கரண்டியையே பார்த்தார்.

"ஒண்ணு போடு, பாப்போம்" என்றார்.

டெல்பினுக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை நாள் ஏங்கியது பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறது, முதல் குவியல் கிளாஸில் விழுந்ததும் நடுவில் விண்டுவிட்டது. வேறு யாராக இருந்தாலும் அப்படியே கொடுத்திருப்பாள், இவருக்கா? கொட்டிவிட்டு இரண்டாவது போட்டாள், அது ஒரு பக்கம் சாய்ந்து நின்றது, அதையும் கொட்டினாள். மூன்றாவது குவியல் கோயில் கோபுரத்து உச்சி மாதிரி நெட்டுக்குத்தலாக, வழுவழுவென்று, ஒரு பொடி சிந்தாமல் வந்து உட்கார்ந்தது. சந்தோஷத்தோடு கிளாஸை எடுத்துக்கொண்டு திரும்பினாள். கஸ்பார் மச்சாது சுவரில் சாய்ந்து, திறந்த கண்ணோடு, கரண்டி இருந்த திசையைப் பார்த்தபடியே செத்துப்போயிருந்தார்.

அவரைத் தாங்கிப் பிடிக்க இரண்டு கையும் வேண்டியிருந்ததால் கிளாஸை மாதா படத்துக்குக் கீழே அலமாரியில் வைத்துவிட்டு ஓடினாள். அந்த நிமிஷம் அவள் நெஞ்சில் அடித்த அதிர்ச்சி அதன் பிறகு நடந்த எந்த அதிசயத்தையும் விடப் பெரியதாக இருந்தது என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும்.

செத்தால் என்னைக் கரண்ட் பெட்டியில் வைக்காதீர்கள், ஐஸில் வையுங்கள் என்று அவர் உயிரோடிருக்கும்போதே சொல்லிவைத்திருந்தார். பிளாண்ட்டிலிருந்து மரியாதைக்கு ஐஸ் பார்களை நொறுக்கி அனுப்பினார்கள். கையால் அள்ளிக் கொட்டவா என்று கேட்டவர்களை விலக்கிவிட்டு, டெல்பின் அழுதுகொண்டே தள்ளுகரண்டியால் ஒவ்வொரு குவியலாக டக், டக் என்று அவரைச் சுற்றி வைத்தாள். தலைமாட்டில் தொடங்கிக் கால்மாட்டைச் சுற்றி வந்து மறுபடி தலைமாட்டில் முடித்தபோது, இவ்வளவு லட்சணமாக யாருமே கிடத்தப்பட்டதில்லை என்று பெண்கள் மூக்கைச் சிந்திக்கொண்டே சொன்னார்கள்.

மறுநாள் காலையில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த அண்டாவில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கஸ்பாரின் மகள் கிரேசம்மாதான் முதலில் பார்த்தாள். குவியல்கள் வைத்தது வைத்தபடியே இருந்தன, ஒன்றின் நுனிகூட மழுங்கவில்லை. "யம்மா மாதாவே!" என்று அவள் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. ஒருவர் ஐஸைத் தொட்டுப் பார்த்துக் கையை உதறினார், ஒருவர் அண்டாவைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார், சாமியார் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். அதே காலையில் துக்கத்துக்கு வந்தவர்களுக்குக் கடையில் அதே கரண்டியால் அள்ளிப்போட்ட ஐஸ் வழக்கம்போலத்தான் உருகியது. ஆக, இது கரண்டியின் வேலை இல்லை, கஸ்பாரின் வேலை என்று தெரு கண்டுகொண்டது.

அவர் என்ன வேலை செய்கிறார் என்று கண்டுகொள்ளவும் அவர்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை. சிலுவைத்தெருவில் வீட்டுக்கு ஒருவன் கடலில் இருக்கிறான். அங்கே யார் செத்தாலும் கப்பலிலிருந்து மகன் வந்து நெற்றியில் முத்தமிட்டு முத்தி செய்த பிறகுதான் பெட்டியை மூடுவார்கள். அந்தத் தெருவில் ஐஸ் என்றால் ஒன்று சர்பத், இன்னொன்று காத்திருப்பு. எல்லாப் பிணங்களும் காத்திருந்திருக்கின்றன, இந்தப் பிணம் கொஞ்சம் வைராக்கியமாகக் காத்திருக்கிறது, அவ்வளவுதானே என்றார்கள். "மவன் வந்தாத்தான் உருகும்" என்று கிரேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னாள்.

மகன் லேசில் வருகிற இடத்தில் இல்லை. ஆல்வினின் கப்பல் உலகத்தின் மறுபக்கத்தில் ஏதோ ஒரு துறைமுகத்துக்கு வெளியே இடம் கிடைக்காமல் நின்றது, அங்கிருந்து விரட்டியதும் இன்னொரு துறைமுகத்துக்குப் போனது.

"அடக்கம் முடிஞ்சிட்டுன்னா என்னைய விடமாட்டாங்க டெல்பி" என்றான் போனில். "எங்கப்பா இன்னும் காத்திருக்காருன்னு சொல்லித்தான் தெனமும் கேப்டன் கால்ல விழுறேன். எப்பிடியாவது வச்சிருங்க."

அவன் ஒவ்வொரு தடவையும் இந்த ஒப்பந்தத்தோடு சரி, அடுத்த மாசம் வந்துவிடுகிறேன் என்று சொல்லிச் சொல்லி வராமல் இருந்தவன். டெல்பின் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு, உருகாத ஐஸையும் அதன் நடுவில் படுத்திருக்கிற மாமனாரையும் பார்த்தாள்.

தெருவின் அதிர்ச்சி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வெளியே தார் இளகி ஓடிய அந்த வெயிலில் கஸ்பார் மச்சாதுவின் ஹாலில் மட்டும் மலைமேல் இருப்பதுபோலக் குளிர் அடித்தது. முதலில் ஜெபமாலை சொல்ல வந்தவர்கள் ஜெபமாலை முடிந்தும் எழுந்து போகவில்லை. அப்புறம் முருங்கைக்கீரையை உருவ எடுத்து வந்தார்கள், டியூஷன் டீச்சர் பிள்ளைகளைக் கூட்டி வந்து கால்மாட்டில் உட்கார வைத்தாள், கைக்குழந்தைக்காரி தொட்டில் கட்ட உத்தரத்தில் கொக்கி இருக்கிறதா என்று விசாரித்தாள். பங்குப் பேரவைக் கூட்டம் அங்கேதான் நடந்தது. ஒரு வீட்டார் பெண் பார்க்க வந்தவர்களுக்கு வேர்க்கக் கூடாதென்று அங்கேயே பஜ்ஜியும் காப்பியும் கொடுத்துச் சம்பந்தத்தை முடித்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் மட்டும் கட்டிலைப் பார்த்துவிட்டு முதலில் கொஞ்சம் மிரண்டார்கள். தலைமாட்டில் குளிர் அதிகம் என்பதால் அந்த இடத்துக்குச் சண்டை வந்து இரண்டு குடும்பங்கள் பேச்சை நிறுத்திக்கொண்டன. விற்காத பாறை மீனைக் கொஞ்ச நேரம் மட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்ட மீன்காரியைத்தான் கிரேசம்மா விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு தெருமுனை வரை விரட்டினாள். பிளாண்ட்டிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்து ஐஸுக்குள் வெப்பமானியைக் குத்திப் பார்த்துவிட்டுப் பேயறைந்தவர் மாதிரி நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். போகும்போது தன் வீட்டுக்கு ஒரு தள்ளுகரண்டி சொல்லிவிட்டுப் போனார். இசக்கிராஜ் ராவும் பகலுமாகத் தள்ளுகரண்டி அடித்தான். அவற்றால் அள்ளிய ஐஸெல்லாம் ஐஸ் மாதிரியே உருகியது.

டெல்பினுக்கு மட்டும் அதிர்ச்சி இறங்கவே இல்லை. பெண் பார்க்கும் சிரிப்பும் வாய்ப்பாட்டுச் சத்தமும் கேட்கிற வீட்டில், ஒவ்வொரு தடவை அந்தக் கட்டிலைத் தாண்டும்போதும் அவளுக்கு முதல் தடவை மாதிரியே பகீரென்றது. காரணம் இருந்தது. கூட்டம் குறைந்த ஒரு சாயங்காலம் அவள் மாதா படத்துக்கு விளக்கேற்றப் போனபோது அலமாரியில் அந்தக் கிளாஸ் இருந்தது. நன்னாரியின் நிறம் மங்கவில்லை, மேலே மூன்றாவது குவியல் நெட்டுக்குத்தலாக, வழுவழுவென்று, ஒரு பொடி குறையாமல் நின்றது. அவள் கையிலிருந்த தீப்பெட்டி கீழே விழுந்தது.

ஹாலில் இருக்கிற ஐஸ் மகனுக்காகக் காத்திருக்கிறதென்றால் இந்தக் கிளாஸ் யாருக்காகக் காத்திருக்கிறது? கேள்வி வந்த மறுகணமே பதிலும் வந்துவிட்டது, வந்த பதிலை அவள் பார்க்க மாட்டேன் என்றாள். பார்த்தால் ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கும்: விண்ட குவியலையே கொடுத்திருந்தால் அந்த மனிதர் ஒரு வாயாவது குடித்துவிட்டுப் போயிருப்பார், அழகு பார்த்து அழகு பார்த்து அவரைத் தாகத்தோடு அனுப்பியவள் நான் என்று. அதோடு இன்னொன்றும் இருந்தது. இந்தக் கிளாஸை அவரிடம் கொண்டுபோனால் ஹாலில் ஐஸ் உருகிவிடும், ஐஸ் உருகினால் அடக்கம், அடக்கம் முடிந்தால் ஆல்வின் வரமாட்டான். டெல்பின் கிளாஸைப் பிஸ்கட் பாட்டில்களுக்குப் பின்னால் தள்ளி வைத்தாள். "இன்னுங் கொஞ்ச நாள் இருங்க மாமா, உங்க மவனுக்காகத்தான்" என்று சொன்னாள். சொல்லும்போதே தன்னை நினைத்துத் தனக்கே வெட்கமாக இருந்தது.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயத்தில் ஆல்வின் வந்தான். தெரு தயாராக இருந்தது. பெட்டி வந்திருந்தது, குழி வெட்டியிருந்தது, பேண்டு வாத்தியக்காரர்கள் வாசலில் நின்றார்கள், உருகப் போகிற தண்ணீரைத் தள்ளுவதற்குப் பெண்கள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வாளியும் துடைப்பமுமாக வரிசையாக நின்றார்கள், பிள்ளைகளின் புத்தகப்பைகளை உயரமாக எடுத்து வைத்திருந்தார்கள். ஆல்வின் கறுத்து மெலிந்துபோய், தோளில் பையோடு ஓடிவந்து கட்டிலில் விழுந்து அப்பாவின் நெற்றியில் முத்தி செய்து கதறினான்.

எல்லோரும் அண்டாவைப் பார்த்தார்கள். ஒரு சொட்டு இல்லை.

அன்றைக்குத்தான் சிலுவைத்தெரு உண்மையாகவே அதிர்ந்தது. ஐஸ் உருகாதது அவர்களுக்குப் பழகிவிட்டது, மகன் வந்தும் உருகாததை யாராலும் தாங்கிக்கொள்ள முடியவில்லை. டிரம்பட்காரர் வாயிலிருந்து டிரம்பட்டை எடுத்தார், ஒரு பெண் கையிலிருந்து வாளி நழுவி உருண்டது. இன்னொரு தடவை முத்தி செய் என்றார் சாமியார். ஆல்வின் கையில், காலில், மறுபடியும் நெற்றியில் என்று முத்தி செய்தான். கடைசியில் தரையில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அக்காவைப் பார்த்தான்.

"அப்ப எனக்காக இல்லியா, அக்கா? நாங் கடலெல்லாம் கடந்து வந்தனே."

கிரேசம்மா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள். பதில் கூட்டத்திடமிருந்து வந்தது. "மவனுக்கில்லன்னா வேற யாருக்கு?" என்று ஒரு குரல் தொடங்கியது. மணப்பாட்டில் அந்தக் காலத்தில் ஒருத்தி இருந்ததாகக் கேள்வி என்றது இன்னொரு குரல். ஒருத்தியா, பிள்ளையும் உண்டாம் என்றது மூன்றாவது. ஒரு பையனைப் பைக்கில் மணப்பாட்டுக்கு அனுப்பலாமா என்கிற வரைக்கும் பேச்சு போய்விட்டது. "எங்கப்பா அப்பிடிப்பட்ட ஆளு இல்ல!" என்று கிரேசம்மா மார்பில் அடித்துக்கொண்டாள். ஆல்வின் தலையை முழங்காலுக்குள் புதைத்துக்கொண்டான்.

டெல்பினால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. வாழ்நாள் முழுக்கத் துவைத்த வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு போடாத மனிதர். தன் ஒருத்தியின் கள்ளத்தனத்தால் அவர் மேல் சேறு விழுகிறது.

"எல்லாரும் வாய மூடுங்க" என்றாள். "மாமா யாருக்காகவும் காத்திருக்கல. சர்பத்துக்குக் காத்திருக்காவ."

யாருக்கும் எதுவும் விளங்கவில்லை. அவள் கடைக்குப் போய் பிஸ்கட் பாட்டில்களை விலக்கிக் கிளாஸை எடுத்து வந்தாள். குவியல் அப்படியே நின்றதைப் பார்த்துக் கூட்டம் மூச்சுவிட மறந்து வழிவிட்டது. அவள் நடந்ததையெல்லாம் நடந்தபடியே சொன்னாள்: ஒண்ணு போடு என்று அவர் கேட்டதை, விண்ட குவியலை, சாய்ந்த குவியலை, ஆல்வின் வரட்டும் என்று கிளாஸை ஒளித்து வைத்ததை. சொல்லி முடித்துவிட்டுக் கணவன் முகத்தைப் பார்க்கப் பயந்து, மாமனாரின் தலைமாட்டில் முழங்கால் போட்டாள்.

"கை படல மாமா" என்றாள். "ஒரு பொடி கூடப் படல. பாத்துக்குங்க."

கிளாஸை அவர் உதட்டில் வைத்துச் சாய்த்தாள். கன்னத்தில் வழியும் என்று கிரேசம்மா துண்டை எடுத்தாள். வழியவில்லை. கிளாஸில் சர்பத் ஒரு விரற்கடை இறங்கியது, அப்புறம் இன்னொரு விரற்கடை, வெள்ளைக் குவியலின் நுனி மழுங்கியது, சரிந்தது, சின்னதாகிச் சின்னதாகி நன்னாரிக்குள் காணாமல் போனது. கடைசிச் சொட்டும் சப்ஜா விதையும் உள்ளே போய்விட்டன.

அப்போது கஸ்பார் மச்சாதுவின் வாயிலிருந்து ஒரு ஏப்பம் வந்தது. வயிறு குளிர்ந்த மனிதன் விடுகிற, நிதானமான, நல்ல நீளமான ஏப்பம். சாமியார் கையிலிருந்த ஜெபப் புத்தகம் தரையில் விழுந்தது. அது விழுந்த சத்தத்தோடு சேர்ந்து முதல் சொட்டு அண்டாவில் விழுந்தது, அப்புறம் பத்து, அப்புறம் நூறு, அவ்வளவு நாளும் அடக்கி வைத்திருந்த அத்தனை ஐஸும் ஒரே மூச்சில் உருகி அண்டா நிரம்பி ஹால் நிரம்பி வாசற்படி தாண்டித் தெருவில் ஓடியது, செருப்புகள் மிதந்து போயின, பெண்கள் துடைப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டே தள்ளுவதை மறந்து நின்றார்கள்.

ஆல்வின் தண்ணீரில் தவழ்ந்து வந்து மனைவியின் பக்கத்தில் முழங்கால் போட்டு அவள் தோளில் கையை வைத்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈரமும் கண்ணீருமாக, அதுவரை திறந்தே இருந்து இப்போது மெல்ல மூடிக்கொண்டிருந்த மாமனாரின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வாயத் தொறந்து சொன்னா கொறஞ்சா போயிருவீய, மாமா?" என்று கேட்டுவிட்டு, டெல்பின் அவர் நெற்றியில் குனிந்து முத்தி செய்தாள்.